மரக்காணத்துக்கு ரயில் வந்த வாரம்

எங்கள் கடைக்குள் எது வந்தாலும் முதல் வேலை வார்னிஷ் பூசுவது. ரிப்பேரெல்லாம் அப்புறம். உப்பளத்துப் பம்ப் மோட்டார்களுக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிற கடை அது. மரக்காணத்தில் உப்பு பாத்தியில் மட்டும் இருக்காது. காற்றில் இருக்கும், பூட்டில் இருக்கும், தையல் ஊசியில் இருக்கும். இன்று கழற்றி வைத்த ஸ்குரு நாளைக்குள் பூத்துப்போய் நிற்கும். அதனால் என் வீட்டுக்காரர் கையில் எது கிடைத்தாலும் பிரஷ்ஷை டப்பாவில் முக்கி ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். மோட்டாருக்குள் கம்பிச் சுருளுக்குப் பூசுகிற அந்தத் தேன் நிற வார்னிஷ் எங்கள் வீட்டுக் கதவுக் கொண்டி, டிரங்குப் பெட்டி, சைக்கிள் மணி எல்லாவற்றின் மேலும் இருந்தது. சைக்கிள் மணி அதற்கப்புறம் அடிக்கவில்லை. ஆனால் துருப்பிடிக்கவும் இல்லை, அதுதான் முக்கியம் என்பார். ஆரோவில்லிலிருந்து மோட்டார் எடுத்துவந்த ஒரு வெள்ளைக்காரரின் சைக்கிளுக்கும் கேட்காமலே பூசிவிட்டார். செயின் வரைக்கும். அந்த மனிதர் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்.

என் வீட்டுக்காரருக்குப் பெரிய மோட்டார்தான் தோது. ஐந்து குதிரைத் திறன், ஏழரை குதிரைத் திறன் என்றால் தனியாளாகத் தூக்கி மேசையில் வைப்பார். பேரிங் தட்டுவார், ஷாஃப்ட் பார்ப்பார். காயில் கட்டுவது மட்டும் நான். கல்யாணமான புதிதில் அவர் சுற்று எண்ணும்போது எண்ணிக்கை தப்பி, கம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். “குடுங்க, நான் எண்றேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் மூன்று வருஷமாக எழுந்திருக்கவில்லை.

ஆனால் போர்டில் அவர் பெயர்தான். கடைக்கு ஆள் வந்தால் நான் கோணிப்படுதாவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். “காயில் கட்டறதுல உன் கைய அடிச்சிக்க ஆளு இல்லப்பா” என்று உப்பளத்துக்காரர்கள் சொல்லுவார்கள். அவர் காதைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். உள்ளே ஒரு பாத்திரம் தடாலென்று விழும். “பூனை” என்பார். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். சீசன் தொடங்கி, கெட்டுப்போன மோட்டார்கள் வாசல் வரைக்கும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் கூனிமேட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். சிங்கப்பூரில் கடை வைத்திருப்பவர். மின்விசிறி, மிக்ஸி, விளையாட்டுச் சாமான் என்று விற்பனையும் உண்டு, ரிப்பேரும் உண்டு. இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். அவர் கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தால், உள்ளே ரயில்.

ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு எஞ்சின், இரண்டு பச்சைப் பெட்டிகள், துண்டு துண்டாகக் கோத்துக்கொள்கிற தண்டவாளம், வீட்டுக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கி வந்ததாம். பத்து நாள் ஓடியதாம், பிறகு நின்றுவிட்டதாம்.

“தம்பி, எங்க கடையில ரிப்பேருக்கு ஒரு ஆளு வேணும்” என்றார் பாய். “உங்களப் பத்தி எல்லாரும் நல்லா சொல்றாங்க. ஆனா நீங்க பாக்கறது பெரிய மோட்டாரு. எங்களுக்கு வர்றதெல்லாம் பொடி மோட்டாரு. இத ஓட வெச்சிடுங்க. இன்ஷா அல்லா, நானே ஏற்பாடு பண்ணி உங்களக் கூட்டிட்டுப் போறேன். மூணு வருஷம் இருக்கலாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு வர்றேன்.”

படுதாவுக்குப் பின்னால் நான் விரல் விட்டுப் பார்த்தேன். ரயில் ஓடினால் அவர் சிங்கப்பூர். ஓடாவிட்டால் மரக்காணம். இவ்வளவுதான் கணக்கு. அவருக்கு வெளிநாட்டு ஆசை இன்று நேற்று வந்ததில்லை. கூனிமேட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகளை அண்ணாந்து பார்ப்பார். எந்தக் காரணமும் இல்லாமல் திண்டிவனம் போய் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து வைத்திருந்தார். முதல் போட்டோவில் கண்ணை மூடிவிட்டார் என்று இரண்டாம் தடவையும் போய் எடுத்துவந்தார். பெல்பாட்டம் ஒன்று தைத்துப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். உப்பளத்துச் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியுமா? விமானத்துக்குத்தான்.

எனக்கு அவர் போகக் கூடாது. ஆனால் ‘போகாதீங்க’ என்று கேட்க ரோஷம். வாயைத் திறந்து கேட்டுத்தான் ஒரு ஆளை நிறுத்திவைக்க வேண்டுமா? தானாகத் தெரிய வேண்டாமா? அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் இது நியாயமாகத்தான் பட்டது.

பாய் பஸ் ஏறியதும், என் வீட்டுக்காரர் தண்டவாளத்தை வளையமாகக் கோத்து ஒரு பலகையில் வைத்தார். அது என்ன, எப்படி என்று நின்று பார்ப்பதற்கு முன்பே பிரஷ்ஷை எடுத்து, இரண்டு கம்பிகளின் மேலும் ஒரே இழுப்பாக ஒரு சுற்று. தண்டவாளம் தகதகவென்று மின்னியது. பலகையோடு தூக்கிக் காயவைத்தார். கெட்டிக்கார வாசகர் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார். நாங்கள் சிரிக்க நாளாயிற்று. மூக்கைச் சிந்தியதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்வார்களா? வார்னிஷ் பூசியதும் அப்படித்தான், பூசிய அடுத்த நிமிஷம் அவருக்கு மறந்துபோயிற்று.

பிறகு எஞ்சினைத் திறந்தார். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் இரவல் வாங்கிய திருப்புளி. உள்ளே மோட்டார், ஒரு பாக்கு அளவுதான். மோட்டாரின் நடுவில் சுற்றுகிற பாகத்தில் சின்னச் செம்புத் தகடுகள். அவற்றை இரண்டு பக்கமும் மிளகு போல இரண்டு கரித்துண்டுகள் தொட்டுக்கொண்டிருக்கும், அதன் வழியாகத்தான் கரண்ட் உள்ளே போகும். செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. சிங்கப்பூரில் செய்யாததை எங்கள் உப்புக் காற்று பத்தே நாளில் செய்துவிட்டது.

அன்று அவர் செய்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார். தகடுகளுக்கு நடுவில் இருந்த இடுக்கை என் தையல் ஊசியால் சுரண்டினார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். ஏழரை குதிரையைத் தூக்குகிற கை அது, குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி வேலை செய்தது. டார்ச் லைட் பேட்டரிக் கட்டையிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து மோட்டாரில் வைத்தார். ‘ர்ர்ர்’ என்று சுற்றியது.

“ஏய், இங்க வா, சுத்துதுடி” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சுற்றத்தான் சுற்றியது. நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எஞ்சினைத் தண்டவாளத்தில் ஏற்றி சுவிட்சைப் போட்டார். ரயில் அசையவில்லை. கையால் லேசாகத் தள்ளினார். தள்ளின தூரம் போய் நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதோ என்று அதன் வாயில் டார்ச் பல்பை வைத்துப் பார்த்தார், பல்பு எரிந்தது. எஞ்சினைத் தூக்கிக் கட்டையில் வைத்துப் பார்த்தார், மோட்டார் சுற்றியது. தலையும் சரி, வாலும் சரி, பாம்பு மட்டும் நகர மாட்டேன் என்றது.

அன்று சாயங்காலத்துக்குள் மோட்டாரை மூன்று தடவை கழற்றி மூன்று தடவை பூட்டினார். இரண்டாம் தடவை, கரித்துண்டை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் ஒன்று தெறித்துப் போய்விட்டது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் தரையில் தவழ்ந்து தேடினோம். ஒரு மணி நேரம் கழித்து அவர் சட்டைப் பையிலேயே கிடைத்தது.

அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் பெருமுக்கல் தாண்டித் திண்டிவனம் போக வேண்டும். எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே, “ஏம்பா, வண்டி லேட்டா? சிக்னல் கெடைக்கலியா?” என்று கேட்பார். உப்பு வாரிவிட்டுத் திரும்புகிற பெண்கள் கும்பலாக எட்டிப் பார்ப்பார்கள். “எங்க ஊட்டுக்காரர மெட்ராசுக்கு ஏத்தி அனுப்பணும், எடம் இருக்குதாக்கா?” என்றாள் ஒருத்தி. “கூட்ஸ் வண்டின்னா ஏத்து, அந்த ஒடம்புக்கு சீட்டு பத்தாது” என்றாள் இன்னொருத்தி. அவர் தலையைத் தூக்கவே இல்லை. நான் மட்டும் உள்ளே சிரித்தேன்.

புதன்கிழமை உப்பளத்தில் ஒரு மோட்டார் புகைகிறது என்று ஆள் வர, அவர் கிளம்பிப் போனார். ரயிலும் நானும் தனியாக இருந்தோம். தொடக் கூடாது என்றுதான் இருந்தேன். எவ்வளவு நேரம் இருப்பது? இரண்டு முனையும் நல்லா இருந்தால் கோளாறு நடுவில்தானே இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டு, பல்பின் இரண்டு ஒயரையும் இரண்டு தண்டவாளத்தின் மேல் வைத்தேன். எரியவில்லை. கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். எரியவில்லை. வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து இரண்டு கம்பியிலும் ஒரு பொட்டு அளவுக்குச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் வைத்தேன். பளிச்.

ஊக்கின் நுனியில் தேன் நிறத்தில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். எங்கள் வார்னிஷ். கரண்ட் வெளியே தாவிவிடாமல் இருக்க மோட்டாருக்குள் பூசுகிற சரக்கு அது. இந்த ரயிலுக்கோ தண்டவாளம்தான் ஒயர். அந்த ஒயருக்கே பூசி மெழுகி வைத்திருக்கிறார் மனிதர். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். உப்புத்தாளை எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் வேலை முடிந்தது.

உப்புத்தாளைத் தேடி எழுந்தபோதுதான் உறைத்தது. தேய்த்தால் ரயில் ஓடும். ரயில் ஓடினால் அவர் போய்விடுவார். திரும்ப உட்கார்ந்தேன். சுரண்டின இரண்டு பொட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. சக்கரம் பொட்டில் படாமல், அந்த இடத்துக்கு மேலேயே எஞ்சினை நகர்த்தி வைத்து மறைத்தேன். அதைச் செய்யும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தேன்.

சாயங்காலம் வந்து கை கால் கழுவிவிட்டு நேராக ரயில் முன்னால் உட்கார்ந்தார். “இன்னா, நீ எதனா பாத்தியா?” என்று கேட்டார். எந்த மோட்டார் மக்கர் பண்ணினாலும் கடைசியில் என்னைத்தான் கேட்பார்.

“எனக்கு இன்னா தெரியும்? நான் பூனைதானே” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் திருப்புளியை எடுத்தார்.

வியாழக்கிழமை புது யோசனையோடு எழுந்தார். காயிலில்தான் கோளாறு, பிரித்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நல்ல காயில நான் பிரிக்க மாட்டேன்” என்றேன். “நல்லதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?” என்றார். “கட்டையில வெச்சா சுத்துதில்ல? அப்ப நல்லதுதான” என்று சமாளித்தேன். “அட, ஆமாம்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். நம்மிடம் இருக்கிறதிலேயே மெல்லிய கம்பியும் இதற்குக் கயிறு மாதிரி இருக்கும் என்று வேறு சொல்லி வைத்தேன்.

அன்று சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். “பொறந்ததுலேந்து இந்த உப்புதான். ஒரு வாட்டி வெளிய போயி, நானும் வேலை தெரிஞ்சவன்தான்னு பாத்துக்கலாம்னு நெனச்சேன். தாயத்தாட்டம் இருக்குது, அந்த மோட்டாரு என்னப் பாத்து சிரிக்குது” என்றார். கேலிக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தும் வாய் திறக்கவில்லை. இன்னும் ஒரு நாள்தானே, பாய் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார், நாலு நாளில் இவரும் மறந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்து, அத்தர் மணக்க, பாய் வந்தார். பின்னாலேயே டீக்கடைக்காரரும், உப்பளத்து மேஸ்திரியும், வேலை வெட்டி இல்லாத நாலு பேரும் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார், மோட்டாரைச் சுற்றிக் காட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஓடத்தான் மாட்டேன் என்கிறது என்றார்.

பாய் நல்ல மனிதர். மனசு நோகாமல்தான் சொல்ல நினைத்தார். “பரவால்ல தம்பி. இது நுணுக்கமான வேலை. உப்பளத்துக் கைக்கு வராது. நான் மெட்ராஸ்ல குடுத்துப் பாத்துக்கறேன்.”

என் வீட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்தார். கையில் ஒரு அழுக்கும் இல்லை. திரும்பவும் துடைத்தார். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். உப்பளத்துக் கையாம். ஊர் முழுக்கத் தண்ணீர் இறைக்கிறதே, அந்த மோட்டார்களெல்லாம் எந்தக் கையில் உயிர் பிடித்தன? இந்த மனிதர் ஊசியை வைத்துச் சுரண்டிய அழகை இவர் பார்த்தாரா? சிங்கப்பூர், மூன்று வருஷம், ஒன்றும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. படுதாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

“ஒரு டீ சாப்ட்டுட்டுப் போங்க பாய்” என்றேன். டீக்கடைக்காரரைப் பார்த்து, “அண்ணா, வேடிக்கை பாத்தது போதும், டீ எடுத்தாங்க” என்றேன். உப்புத்தாளைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒரு கம்பியை முழுச் சுற்றும் தேய்த்தேன். அடுத்த கம்பியில் பாதி போவதற்குள் என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

துணியால் துடைத்துவிட்டு எஞ்சினை வைத்து, பெட்டிகளை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். ரயில் கிளம்பியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. வளைவில் லேசாக ஆடி, நேராகி, திரும்பவும் வந்தது. கூட்டத்தில் எல்லாரும் கொஞ்சம் குனிந்தார்கள். பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். டீயோடு வந்தவர், “மரக்காணம் ஜங்ஷன், எறங்கறவங்கல்லாம் எறங்கு” என்றார்.

“பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க தம்பி” என்றார் பாய்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் வார்னிஷ் தூள். நானே தேய்த்து, நானே துடைத்து, நானே வழியனுப்பி வைத்திருக்கிறேன். இந்த ஆத்திரம் என்றைக்கு எனக்கு நல்லது செய்திருக்கிறது?

என் வீட்டுக்காரர் காதைச் சொறிந்தார். சரி, சிரிக்கப் போகிறார் என்று படுதா பக்கம் திரும்பினேன்.

“பாய், மோட்டார சுத்தம் பண்ணது நான்தான்” என்றார். “கோளாறக் கண்டுபுடிச்சது இவ. அது மட்டுமில்ல. இந்தக் கடையில காயில் கட்டறது எல்லாமே இவதான். நான் கழட்டுவேன், மாட்டுவேன். ஆளு எடுக்கறதுன்னா நீங்க தெரிஞ்சிகினு எடுக்கணும்.”

மேஸ்திரிக்கு வாய் மூடவில்லை. எத்தனை நாள் அவர் வாயால் ‘கையப்பா, கையி’ என்று கேட்டிருக்கிறேன். பாய் என் பக்கம் திரும்பி, “அப்படியாம்மா?” என்றார். மூன்று வருஷமாகப் பாத்திரத்தைப் போட்டு உடைத்தவளுக்கு அந்த நேரம் ஒரு வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பாய் டீயைக் குடித்து முடிக்கிறவரை யோசித்தார். “உண்மையச் சொன்னீங்க தம்பி, சந்தோசம். ஆனா எனக்குத் தேவை இந்தக் கையி. பொம்பளையக் கூட்டிட்டுப் போறதுக்கு எனக்கு வழியில்ல” என்றார். ரயிலை அவரே பெட்டியில் அடுக்கினார். சலாம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். கூட்டமும் கலைந்தது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் எங்கேயும் போகவில்லை. ஆனால் சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. திருடிய பொருளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

“எதுக்குச் சொன்னீங்க? கம்முனு இருந்திருந்தா போயிருக்கலாமே” என்றேன்.

“போயிருக்கலாம்” என்றார். “அங்க போயி ரெண்டாவது மோட்டாரு வந்தா யாரக் கேக்கறது?”

புதன்கிழமை சாயங்காலம் என்னைக் கேட்டாரே, அதுதான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். புதன்கிழமையே தெரியும், ஊக்கால் சுரண்டிப் பார்த்தேன், எஞ்சினை நகர்த்தி வைத்து மறைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டத் தெம்பு வந்திருக்கும்.

ரயில் இருந்த பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“போவாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?” என்றார். “யாராவது சொல்லுவாங்களான்னு பாத்தேன். நீ வாயே தொறக்கல. சரி, இவளுக்கு நம்ம போனாலும் ஒண்ணுதான், இருந்தாலும் ஒண்ணுதான்னு நெனச்சிக்கினேன்.”

அவருக்கும் என்னைப் போலவே கேட்க ரோஷம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாய் ஏறிய பஸ் அந்நேரம் கூனிமேடு போய்ச் சேர்ந்திருக்கும். போவதற்கு ஒரு இடமும் இல்லாத ஆளின் முன்னால் நின்றுகொண்டு, “போவாதீங்க” என்றேன்.